பிறந்த ஊரும் இறந்த ஊரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. சென்ற ஆண்டு சிலப்பதிகாரம் கேட்டோம். அதற்கு முந்தைய ஆண்டு பட்டிமன்றத்தில், சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று வழக்காடி, முடிவு காணாமலே சாப்பாட்டுக்கு எழுந்தோம். இவ்வாண்டு நமக்கு அளிக்கப்பெற்ற நேரத்தில் சாவைப் பற்றிப் பேச எண்ணியுள்ளோம் என்று செயலாளரிடம் கூறியபோது, அவர் ஒரு கணம் மௌனமாயிருந்து, "விழா நாளாயிற்றே" என்றார். மங்கல நாளில் அமங்கலம் பேசலாகாது என்பது பெரியோர் வழக்கு என்பதை நாமும் அறிவோம். ஆயினும், நம் காலனிக் குடும்பங்கள் அனைத்தும் ஒருங்கே கூடும் நாள் ஆண்டில் இஃதொன்றே. வேறொரு நாள் கூடுவோமாயின், அது பெரும்பாலும் யாரேனும் ஒருவர் வீட்டு வாசலில், இறந்தவரை எடுத்துச் செல்வதற்காகவே இருக்கும். அந்நேரத்தில் யோசனை சொல்ல வாய் எழாது. சொன்னாலும் கேட்கும் செவி இராது. ஆதலால் இன்றே சொல்கிறோம்.

சென்ற ஐப்பசி அடைமழையில் நம் காலனியில் நிகழ்ந்ததை உங்களிற் பலர் அறிவீர்கள். மாயூரம் பக்கத்திலிருந்து மகனோடு வந்து தங்கியிருந்த ஒரு மூதாட்டி, இரவு இரண்டு மணிக்கு உயிர் நீத்தார். மகன் வண்டியோடு வெளியூர் சென்றிருந்தார். வீட்டில் மருமகளும் பள்ளியில் படிக்கும் பேரனுமே இருந்தனர். அந்த அம்மையார்க்குத் தெலுங்கு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. குளிர்பெட்டி வாடகைக்குக் கொடுப்பவர் யார், சான்று எழுதித் தரும் மருத்துவர் அந்நேரத்தில் எங்கே இருப்பார், சுடுகாடு எத்திசையில் உள்ளது, அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்பவற்றுள் ஒன்றேனும் அவர் அறியார். பதினெட்டு ஆண்டுகள் இவ்வூரில் வாழ்ந்தவர் அவர். அடுத்த வீட்டுத் தெலுங்கு அக்காள் வந்து விடியும்வரை அருகில் அமர்ந்திருந்தார். அவருடைய கணவர் மழையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரை அழைத்து வந்தார். இந்த அளவில் குறையில்லை. குறை செய்தியில் நேர்ந்தது. பேரன் கைபேசியில் உறவினர்க்கெல்லாம் செய்தி அனுப்பினான். வீட்டிலிருந்த பழைய ரேஷன் அட்டையைப் பார்த்து, முகவரியை "ரயில்வே காலனி, சித்தூர் மாவட்டம்" என்று எழுதினான். மூதாட்டியின் மூத்த மகள் இரண்டு கார்களில் உறவினரோடு புறப்பட்டு, வேலூர் வழியாகச் சித்தூர் நகருக்கு வந்து, அங்கே ரயில் நிலையத்தைச் சுற்றித் தாயின் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். தொலைபேசியோ ஓயாமல் பேச்சில் இருந்தது. உண்மை தெரிந்து எழுபது கிலோமீட்டர் கடந்து அவர் திருப்பதி வந்து சேர்ந்தபோது சிதைக்குத் தீ மூட்டியாயிற்று. தாயின் முகத்தை அவர் காணவில்லை.

அப்பிள்ளையை யாரும் நோக முடியாது. 1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் அது ஆந்திரத்தோடு சென்றது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. வேங்கடத்தை வட எல்லையென்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்தது. பின்வந்தோர் எல்லையைப் பற்றி வழக்காடினர். அவ்வழக்கு இன்று நமக்கு வேண்டா. நம் வீடுகளின் அட்டைகளில் எத்தனை இன்னும் "சித்தூர் மாவட்டம்" என்றே இருக்கின்றன என்று மட்டும் இன்றிரவு எடுத்துப் பாருங்கள்.

நிற்க. அமெரிக்க நாட்டில் சிற்றூர்தோறும் இறுதிச் சடங்கு இல்லம் என ஒன்று உண்டு. இறந்தார் என்று ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்தால் போதும். உடலை எடுத்துச் செல்வது முதல், பெட்டி, பிரார்த்தனை, கல்லறை, உள்ளூர்ப் பத்திரிகையில் மரணச் செய்தி வரை யாவற்றையும் அவர்களே செய்து, இறுதியில் ஒரு பில்லையும் அனுப்புவர். பில் கனமாகத்தான் இருக்கும் என்று கேள்வி. நம் சிற்றூர்களில் அத்தகைய இல்லம் கிடையாது. நம் சொந்தக் கிராமத்தில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. சாவு விழுந்தது என்றால் சொல்லிவர ஒருவர், பாடை கட்ட ஒருவர், சங்கு ஊத ஒருவர், கொள்ளி வைக்குமிடத்தில் நிற்க ஒருவர் என்று ஊரே வகுத்து வைத்திருந்தது. அந்த வகுப்பில், ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுடுகாட்டிலேயே நிறுத்தி வைத்த அநீதியும் இருந்தது. அதை மறைத்துப் பேசுதல் தகாது. எவ்வாறாயினும் அந்த ஏற்பாடு நம்மோடு ரயிலேறி வரவில்லை. எனவே இங்கே நாம் அனைவரும் ஒரு வகையில் அநாதைகளே.

நம் காலனியில் உள்ள இசுலாமிய அன்பர்க்கும் கிறித்தவ அன்பர்க்கும் இவ்வளவு தொல்லை இல்லை. பள்ளிவாசலில் சந்தூக்கு எந்நேரமும் ஆயத்தமாயிருக்கும். ஜமாஅத்தாரிடம் சொன்னால் அடக்கத் தலத்தில் குழி தோண்டப்பட்டுவிடும். திருச்சபையில் கல்லறைத் தோட்டமும், அடக்கப் பதிவேடும், மணியடிக்க ஓர் ஆளும் உண்டு. சாதியாலும் கிராமத்தாலும் கட்டப்பட்ட ஏற்பாட்டை நம்பியிருந்த ஏனையோரே வெளியூரில் கைவிடப்பட்டோம்.

திருப்பதியிலும் சித்தூரிலும் நமக்கு வேண்டியவை இல்லாமலில்லை, சிதறிக் கிடக்கின்றன. குளிர்பெட்டிக்காரர் ஓரிடம், பந்தல் நாற்காலிக்காரர் ஓரிடம், பூமாலை ஓரிடம், சடங்கு செய்விப்பவர் ஓரிடம், ஊர்தி ஓரிடம். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே இறுதி ஊர்திக்கு "வைகுண்ட ரதம்" என்று பெயர். சுடுகாட்டுக் காவலரைக் "காடிகாபரி" என்பர். அரிச்சந்திரன் செய்த வேலை அது. நாம் "பாடை" என்பதை அவர்கள் "பாடெ" என்பர். "சாவு" என்ற சொல்லும் சிறிது திரிந்து அவர்களிடம் உள்ளது. வாழ்வில் வேறுபடும் இரு மொழிகள் சாவில் இவ்வளவு நெருங்கியிருப்பது வியப்பே. ஆனால், "சின்ன கர்ம" என்றும் "பெத்த கர்ம" என்றும் அவர்கள் சொல்வதை நம் பால் தெளிப்போடும் பதினாறாம் நாளோடும் ஒன்றென்று கொள்ளலாகாது. நாள் கணக்கு குலத்துக்குக் குலம் மாறும். அடுத்த வீட்டார் அன்போடு ஏற்பாடு செய்துவிட்ட பின்பு, "எங்கள் வழக்கம் வேறு" என்று சொல்ல நம் பெண்கள் கூசுகிறார்கள். எந்த நாள், எந்தச் சடங்கு, யார் கொள்ளி வைப்பது என்பதை வீட்டு மூத்தோர் உயிரோடிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வைத்தல் நலம். மகள் கொள்ளி வைக்கலாமா என்ற கேள்விக்கும் அத்தாளிலேயே விடை எழுதிவிடுங்கள். வாசலில் நின்று வாதிட வேண்டாம். கண் தானம் செய்யும் விருப்பம் இருந்தால் அதுவும் அத்தாளில் இருக்கட்டும். இறந்து ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டுமாதலின், அதைப் பின்னர் நினைத்துப் பயனில்லை.

இனி, ஊருக்கு எடுத்துச் செல்வதா, இங்கேயே தகனம் செய்வதா என்னும் பெருங்கேள்விக்கு வருவோம். இக்கேள்வி நம் மண்ணுக்குப் புதிதன்று. 1782ஆம் ஆண்டு டிசம்பரில் மைசூர் ஐதர் அலி, சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இறந்தார். மகன் திப்பு தொலைவில் மேற்குக் கடற்கரைப் போரில் இருந்தார். செய்தி பரவினால் படை கலையும் என்று அஞ்சிய அமைச்சர்கள், சாவை மறைத்து, வாசனைப் பொருள்கள் நிறைந்த பெட்டியில் உடலை வைத்து, பொக்கிஷம் செல்வது போலக் காவலோடு அனுப்பினர். கோலாரில் தந்தையின் சமாதி அருகே சிலகாலம் வைக்கப்பெற்று, பின்னர் அவ்வுடல் சீரங்கப்பட்டணம் சென்றது. நம் சித்தூர்ச் சீமையில் நிகழ்ந்த சாவுகளில் மிகப் பெரியது இதுவே. அதற்கு அன்று மரண அறிவிப்பே இல்லாமற் போயிற்று.

மன்னருக்குப் படை இருந்தது. நமக்கு ஆம்புலன்ஸ் ஒன்றே உண்டு. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஒரு சிறுவன் இறந்தான். தந்தை கூலித் தொழிலாளி. ஊர் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். அங்கிருந்த தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் பெருந்தொகை கேட்டதோடு, வெளியிலிருந்து வரவழைத்த ஊர்தியையும் தடுத்துவிட்டனர். தந்தை மகனின் உடலைத் தோளில் சாய்த்துக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து ஊர் போய்ச் சேர்ந்தார். நாடே அதைப் பார்த்து வெட்கியது. ஓட்டுநர்கள் கைது செய்யப்பட்டனர். ஆந்திர அரசு மருத்துவமனைகளிலிருந்து உடலை இலவசமாகக் கொண்டுசெல்ல "மகாபிரஸ்தானம்" என்ற ஊர்தித் திட்டமும், தமிழ்நாட்டில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாக "அமரர் ஊர்தி"யும் ஏற்படுத்தப்பட்டன. ஆனால் திட்டம் இருப்பது வேறு. இரவு பதினொரு மணிக்கு அது கிடைப்பது வேறு. எந்நேரம் ஓடும், மாநில எல்லையைத் தாண்டுமா என்பவற்றை மருத்துவமனை வாசலில் முதன்முதலாகக் கேட்கும் நிலை நம்மில் யார்க்கும் வரக்கூடாது.

ரயிலிலும் கொண்டு போகலாம். இது நம் துறையாதலால் இரண்டொரு சொல் கூறுவோம். காற்றுப் புகாத பெட்டி வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். உடன் ஒருவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு அதே வண்டியில் செல்ல வேண்டும். பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். பார்சல் பதிவேட்டில் மாம்பழக் கூடைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையே ஒரு மனிதர் வந்து எழுதப்படுவதைக் கண்ட கைகள் நம்முடையவை. அன்று மதியம் சோறு இறங்குவதில்லை.

இவ்வளவும் எண்ணிப் பார்த்து நாம் வந்துள்ள முடிவு யாதெனில், ஊரில் நிலம், வீடு, காத்திருக்கும் உடன்பிறந்தார் என்று இருப்போர் கொண்டு செல்லட்டும். ஊரில் பூட்டிய வீடும், பெயர் மறந்த பங்காளிகளுமே எஞ்சியிருப்போர், நானூறு கிலோமீட்டர் உடலை அலைக்கழிக்க வேண்டுமா என்பதை அமைதியாக எண்ணிப் பார்க்கட்டும். சுவர்ணமுகி பாயும் மண் இது; கபில தீர்த்தத்தில் பிதுர் கடன் செய்வோர் எங்கெங்கிருந்தோ வருகின்றனர். நமக்கு மட்டும் இது அந்நிய மண் ஆவானேன்? அஸ்தியை ஒரு சிறு கலசத்தில் எடுத்துக்கொண்டு பின்னர் ஊருக்குப் போகலாம். இராமேசுவரம் செல்ல வேண்டுமென்றால் திருப்பதியிலிருந்தே விரைவு வண்டி உள்ளது. 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொள்ளை நோய்க் காலத்தில், பெற்ற பிள்ளைகளே வர முடியாதபோது, இவ்வூர் இசுலாமியத் தொண்டர்கள் சாதி சமயம் பாராமல் பல உடல்களுக்கு உரிய முறையில் இறுதிக் கடன் செய்தனர். அதைக் கண்ட பின்பும், "நம்மவர் கைபட்டால்தான் சாந்தி" என்று பேச நமக்கு நா எழவில்லை.

சுடுகாட்டில் பணி செய்வாரைப் பற்றி ஒரு வார்த்தை. கூலியை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள். "ஏய்" என்று அழைக்காதீர்கள். நம் தாய் தந்தையரை இறுதியாகத் தொடுபவர் அவர்.

இனிக் குமாஸ்தா பேச வேண்டிய பகுதி வருகிறது, பொறுத்தருளுங்கள். இறப்பை எங்கே பதிவு செய்வது என்பதில் நம்மவர் பலரும் தடுமாறுகின்றனர். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேயே பதிவு செய்ய வேண்டும். சொந்த ஊரிலன்று, தகனம் செய்த ஊரிலுமன்று. திருப்பதியில் இறந்தவரை மன்னார்குடியில் எரித்தாலும் சான்று திருப்பதி மாநகராட்சியில்தான். சித்தூரிலிருந்து நம்மவர் பெரிய நோய்க்கெல்லாம் வேலூர் மிஷன் மருத்துவமனைக்கே ஓடுகிறோம். அங்கே உயிர் பிரிந்தால் பதிவு தமிழ்நாட்டில், வேலூரில். சித்தூர் அலுவலகத்தில் எத்தனை நாள் நின்றாலும் கிடைக்காது. ஓடும் வண்டியில் இறந்தால், அவ்வண்டிக்குப் பொறுப்பானவர் அது முதலில் நிற்கும் இடத்தில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. இது ரயில் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியது.

மருத்துவமனையில் இறந்தால் அறிவிக்கும் பொறுப்பு மருத்துவமனைக்கு உரியது. வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவருக்கு உரியது. இருபத்தொரு நாள்களுக்குள் அறிவித்துவிட்டால் தொல்லையில்லை. அதன் பின் முப்பது நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்து அனுமதி. ஓராண்டு கடந்தால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் இதைக் கவனித்தாலும் நேரம் இருக்கிறது. ஆனால் காரியம் முடிந்ததும் எல்லாரும் ஊருக்குப் போய்விடுகிறோம். வீட்டில் இறந்தாரை அண்மையில் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்குரிய காரணச் சான்றும், சுடுகாட்டில் கொடுக்கும் ரசீதும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விபத்து என்றாலோ, தண்டவாளத்தில் என்றாலோ, காவல் துறை வரும்வரை உடலைத் தொடலாகாது.

பெயரைப் பற்றி எச்சரிக்கை. இங்கே சான்றிதழ் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படுகிறது. தெலுங்கில் ழகரம் இல்லை. "பழனி" அவர்கள் கையில் "பளனி" ஆகிவிடுவார். நம் தந்தை பெயரின் முதலெழுத்தை அவர்கள் வீட்டுப் பெயர் என்று கொண்டு விரித்துக் கேட்பர். மறுமொழி சொல்பவர் துக்கத்தில் எதையாவது சொல்லிவிடுவார். ஆனால் பென்ஷன் அலுவலகமோ பணிப்பதிவேட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்னும். ஓர் ஆங்கில எழுத்து வேறுபட்டதற்காக ஒரு விதவைத் தாய் பதினோரு மாதம் குடும்ப ஓய்வூதியம் பெறாமல் அலைந்ததை நாம் அருகிருந்து கண்டோம். ழகரத்தைக் காக்க மேடைதோறும் முழங்குகிறோம். அந்த அம்மையாருக்கு ஓர் எழுத்தின் விலை நம்மைவிட நன்றாகத் தெரியும். எனவே படிவத்தை நிரப்பும்போது ஆதார் அட்டையையும் பணிச் சான்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிழை நேர்ந்துவிட்டால் திருத்தவும் சட்டத்தில் இடமுண்டு. உடனே கேட்க வேண்டும்.

அடுத்து, அறிவிப்பு. முன்னாளில் தந்திச் சேவகர் சைக்கிள் தெருவுக்குள் நுழைந்தாலே பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தந்தியும் 2013ஆம் ஆண்டு ஜூலையில் நின்றுபோயிற்று. இன்று செய்தி ஒரு நொடியில் செல்கிறது. சென்ற ஐப்பசியில் கண்டபடி, தவறான ஊருக்கும் ஒரு நொடியில் செல்கிறது. நாளிதழில் கொடுப்போர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஒரே பெயருடைய பத்திரிகைக்குப் பல பதிப்புகள் உண்டு. திருப்பதிப் பதிப்பில் வரும் துக்கச் செய்தியைக் கும்பகோணத்துச் சித்தப்பா காணமாட்டார். உறவினர் எங்கே இருக்கின்றனரோ அப்பகுதிப் பதிப்பில் கொடுக்க வேண்டும். இங்குள்ள அலுவலக நண்பர்க்காகத் தெலுங்குப் பத்திரிகையில் நாலு வரி தனியே கொடுக்கலாம். மாலைக்குள் கொடுத்தால்தான் மறுநாள் வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

என்ன எழுதுவது? "கண்ணீர் அஞ்சலி" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, கீழே அஞ்சலி செலுத்துவோர் படங்கள் இறந்தவர் படத்தைவிடப் பெரிதாக இருக்கும் தட்டிகளை நாள்தோறும் காண்கிறோம். அதில் இறந்தவர் எவ்வூரினர் என்பதே இராது. இவ்வகையில் நாம் ஈழத் தமிழரிடம் கற்கவேண்டும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் மரண அறிவித்தல் வாசிக்கப்படுவதை நம்மில் மூத்தோர் கேட்டிருப்பீர்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கி, யாருடைய மகன், யாருடைய கணவர், யார் யார்க்குத் தந்தை, மருமக்கள் யார், பேரக்குழந்தைகள் யார் என்று ஒரு குடும்பத்தையே சில வாக்கியங்களில் நிறுத்திவிடுவார்கள். தகனம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதோடு முடியும். இன்று அவர்கள் கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் வாழ்கின்றனர். அறிவித்தலின் வடிவம் மாறவில்லை, வதிவிடங்களின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. அலங்காரமும் அழுகையும் அதில் இல்லை. புலம் பெயர்ந்தார்க்கு இரண்டு ஊர் உண்டு என்பதை ஒளிவின்றி ஒப்புக்கொள்ளும் வாசகம் அது. நம்முடைய அறிவிப்பும் அவ்வாறே இருக்கட்டும். வதிவிடம் என்றால் வீட்டு எண், வரிசை, எந்த ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும் என்பது வரை. தொலைபேசி எண், துக்க வீட்டாருடையது வேண்டா. பேசும் நிலையில் உள்ள அடுத்த வீட்டாருடையது போதும்.

நம் மரபில் அறிவிப்பு என்பது கல்லிலேயே இருந்தது. பழைய வடார்க்காட்டுச் சீமை முழுவதும் நடுகற்கள் நிற்கின்றன. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், ஆநிரை மீட்டுப் பட்டான் என்று ஒரு சாதாரண வீரனுக்கும் கல் எழுதினர். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொல்லியல் துறையார் ஆராய்ந்து நூலாக வெளியிட்டுள்ளனர். வெள்ளையரும் தம்மவரை மறக்கவில்லை. 1911க்கு முன் வடார்க்காட்டின் தலைநகரமாகச் சித்தூர் இருந்த காலத்தில் இறந்த கலெக்டர்களுக்கும் நீதிபதிகளுக்கும் எழுப்பிய கல்லறைகள் அவ்வூரில் உள்ளன. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களையெல்லாம் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி தொகுத்து 1905ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இந்தச் சீமைக்கு ரயில் பாதை போட வந்து இறந்த நம்மவர் பெயர்கள் எந்த நூலில் உள்ளன? நம் மலரையே புரட்டிப் பாருங்கள். பரிசு பெற்ற பிள்ளைகள் உண்டு, வாழ்த்துச் செய்தி உண்டு, நகைக்கடை விளம்பரம் நாலு பக்கம் உண்டு. அவ்வாண்டில் மறைந்த உறுப்பினர் பெயர்கள் இல்லை. அடுத்த மலரிலிருந்து ஒரு பக்கம் அதற்கு ஒதுக்க வேண்டும் என்று இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம். பெயர், பிறப்பிடம், வதிவிடம், செய்த வேலை, மறைந்த நாள். இவ்வளவு போதும்.

சாவுக்கென்று சங்கம் வைப்பதா என்று முகம் சுளிப்போர்க்கு ஒரு பழங்கதை. ரோமாபுரிக்குத் தெற்கே லானூவியம் என்று ஒரு சிற்றூர். அங்கே கி.பி. 136ஆம் ஆண்டளவில் எளிய மக்கள், அவருள் அடிமைகளும் சேர்ந்து, அடக்கத்திற்கென்று ஒரு சங்கம் அமைத்திருந்தனர். அதன் விதிகளைக் கல்லில் பொறித்து வைத்தது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. சேர்க்கைக் கட்டணம் நூறு காசும் ஒரு சாடி நல்ல மதுவும். நம் சங்கத்தில் காபியோடு நிறுத்திக்கொள்வோம். மாதச் சந்தா சிறு தொகை. ஊரிலிருந்து இருபது மைலுக்கு அப்பால் உறுப்பினர் ஒருவர் இறந்தார் என்று செய்தி வந்தால், மூவரைத் தேர்ந்து அனுப்பி அடக்கம் செய்விக்க வேண்டும். போய்வரச் செலவு சங்கத்தினுடையது. கணக்கைப் பொய்யாகக் காட்டினால் நான்கு மடங்கு அபராதம். அடிமையின் உடலை எசமான் கொடுக்க மறுத்தால், உருவம் ஒன்று செய்து வைத்தேனும் சடங்கை நிறைவேற்ற வேண்டும். எத்தியோப்பிய நாட்டில் "இத்தர்" என்ற பெயரால் தெருவுக்குத் தெரு இத்தகைய சங்கங்கள் இன்றும் உள்ளன. இலங்கையில் மரணாதாரச் சங்கம் இல்லாத ஊர் அரிது. ஏழைகள் எங்கெங்கே கூடி வாழ்ந்தனரோ அங்கெல்லாம் இதைச் செய்திருக்கின்றனர்.

நாம் கேட்பது அவ்வளவு பெரிதன்று. ஒரு நோட்டுப் புத்தகம். அதில் குளிர்பெட்டி, ஊர்தி, மருத்துவர், சடங்கு செய்விப்பவர், தகன மேடை, மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவு, நாளிதழ் நிருபர் ஆகியோர் தொடர்பு எண்கள். திருப்பதிக்கு ஒரு பகுதி, சித்தூருக்கு ஒரு பகுதி, ரேணிகுண்டாவுக்கு ஒரு பகுதி. தெலுங்கு எழுதத் தெரிந்த இருவர், இரவு எந்நேரமும் அழைக்கப்படச் சம்மதிக்கும் நால்வர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்கள் பேசுகின்றனவா என்று சோதிக்க ஒருவர்; இவ்வேலையை ஓய்வு பெற்ற பெரியவர்களிடம் ஒப்படைக்கலாம். உடனடிச் செலவுக்குப் பொருளாளரிடம் ஒரு சிறு தொகை தனியே; கொடுத்ததைத் திருப்பித் தர மூன்று மாதத் தவணை. கேட்டவரின் சாதியோ சந்தா பாக்கியோ அந்நேரத்தில் கேட்கப்படலாகாது. சந்தா பாக்கியை லானூவியத்தார் மன்னிக்கவில்லை. இந்த ஒன்றில் அவர்களைப் பின்பற்ற வேண்டா.

செயற்குழுவின் இசைவோடு அந்நோட்டுப் புத்தகத்தை வாங்கி, உணவுக்கூடத்து வாயிலருகில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். முதற் பக்கத்தில் ஏழு எண்கள் எழுதியாயிற்று. அவற்றுள் மூன்று, அடுத்த வீட்டுத் தெலுங்கு நண்பர்கள் தந்தவை. பின்பகுதியில் குடும்பத்திற்கு ஒரு பக்கம் விடப்பட்டுள்ளது: பிறப்பிடம், வதிவிடம் புதிய மாவட்டப் பெயரோடு, ஊரில் முதலில் செய்தி சொல்ல வேண்டியவரின் எண். பேனா நூலில் கட்டியிருக்கிறது. உணவருந்தப் போகும்போது எழுதிவிட்டுச் செல்லுங்கள்.